‘தும்மலுக்கு ஒரு செட்டு குடுங்கண்ணா’ என்று கேட்கும் முன்

தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வரும் கூட்டத்தில் பாதிப் பேர் முகம் தெரிந்தவர்கள். மீதிப் பேர் மணலி கம்பெனிகளுக்கும் எண்ணூர் பக்கத்து ஒப்பந்த வேலைக்கும் துறைமுகத்துக்கும் வெளியூரிலிருந்து வந்து, கொருக்குப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். வந்து மூன்று மாதம் ஆகியிருக்காது. கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

“ஊர்ல இருந்தவரைக்கும் ஒண்ணும் இல்லண்ணா. இங்க வந்ததுலருந்து காலைல எழுந்தா பத்துப் பதினஞ்சு தும்மல். ஒரு செட்டு குடுங்க.”

செட்டு என்றால் என்னவென்று ஊருக்குப் புதிதாக வந்தவருக்குக்கூட யாராவது சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அட்டையிலிருந்து தனித்தனியாகப் பிரித்த மூன்று நான்கு மாத்திரைகளை ஒரு சின்னப் பேப்பர் கவரில் போட்டுத் தருவது. தும்மலுக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, ‘சீக்கிரம் கேட்க’ ஒன்று. நான் தொழில் கற்றுக்கொண்ட கடையில் இப்படி ஆயிரக்கணக்கான கவர்களை என் கையாலேயே மடித்திருக்கிறேன். அதில் அந்த நான்காவது மாத்திரை என்னவென்று வாங்குகிறவருக்கு யாரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கவரை வாங்காமல் இருப்பதற்காக. அலர்ஜிக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, பெரும்பாலானவை விலையும் குறைவு. எந்தத் தொல்லைக்கு எது என்பதும், மாத்திரையின் பெயரும் தெரிந்தால் போதும்.

அது அலர்ஜிதானா?

மாத்திரைக்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் வடசென்னையில் மூக்கைத் தொந்தரவு செய்ய அலர்ஜி தவிர வேறு பல காரணங்கள் உண்டு.

சாதாரண சளி என்றால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். கூடவே லேசான காய்ச்சல், தொண்டைக் கரகரப்பு, உடம்பு அசதி வரும். அலர்ஜிக்குக் காய்ச்சல் வராது. அரிப்புதான் அதன் அடையாளம்: மூக்குக்குள் அரிப்பு, கண்ணில் அரிப்பு, மேலண்ணத்தில் நாக்கால் தேய்க்கத் தோன்றும் அரிப்பு. தும்மல் அடுக்கடுக்காக வரும். மூக்கிலிருந்து தண்ணீர் போல ஒழுகும். படுக்கையை உதறும்போது, அலமாரியைத் துடைக்கும்போது, காலையில் எழுந்தவுடன் என்று அதற்கு ஒரு நேரம், ஒரு சந்தர்ப்பம் இருக்கும்.

மூன்றாவது வகை இங்கே ரொம்ப சகஜம். கன்டெய்னர் லாரி வரிசையாகப் போகும் சாலையோரம் நடக்கிறீர்கள். காற்று திரும்பி ஆலைப் பக்கத்து வாடை அடிக்கிறது. கொடுங்கையூர் குப்பைமேட்டில் புகைகிறது. போகி அன்று விடியற்காலை தெருவெல்லாம் புகை. கண் எரிகிறது, தொண்டை கரிக்கிறது, இருமல் வருகிறது. இது அலர்ஜி அல்ல, எரிச்சல். புகையும் வாயுவும் சவ்வை நேரடியாகப் புண்படுத்துவதால் வருவது. அலர்ஜி மாத்திரை உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கிறது. எரிச்சலில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கில்லாததால், எத்தனை மாத்திரை போட்டாலும் தூக்கம் வருமே தவிர எரிச்சல் போகாது. அந்த இடத்தைவிட்டு நகர்வது, சன்னலை மூடுவது, நல்ல முகக்கவசம் போடுவது, கண்ணைத் தண்ணீரால் கழுவுவது ஆகியவைதான் அதற்கு மருந்து. அரிப்பா எரிச்சலா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் அதை அலர்ஜி என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு சிரப் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் இல்லை என்று தெரிந்துகொண்டு பிறகு அலர்ஜியைப் பற்றிப் பேசலாம். நெருக்கமான அறைகளில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்குகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

தொல்லை எங்கே என்று சொல்லுங்கள்

கடையில் வந்து “அலர்ஜிக்கு மாத்திரை” என்று கேட்காதீர்கள். தும்மலும் ஒழுகலும் பெரிதா, அடைப்பு பெரிதா, கண்ணா, தோலா, இல்லை மூச்சு வாங்குகிறதா? எத்தனை நாளாக? இந்த இரண்டு கேள்விக்கும் பதிலைச் சொல்லுங்கள். தும்மலுக்கும் அரிப்புக்கும் கேட்கிற மாத்திரை, அடைப்புக்குச் சரியாகக் கேட்காது. அடைப்புக்கு நன்றாகக் கேட்கும் ஸ்பிரே, உடம்பில் வரும் தடிப்புக்கு உதவாது.

மூச்சு வாங்கினால், நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால், இரவில் இருமி இருமி எழுந்து உட்கார்ந்தால், அது இழுப்பு. அலர்ஜி மாத்திரை இழுப்பைத் தீர்க்காது. டாக்டரைப் பார்த்து இன்ஹேலர் எழுதி வாங்க வேண்டும். “இன்ஹேலர் போட்டா பழக்கமாயிடும்” என்று அறை நண்பர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மிகக் குறைந்த அளவே போதுமானதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தூங்க வைப்பதும் தூங்க வைக்காததும்

தும்மல், ஒழுகல், அரிப்பு, தடிப்பு என்றால் ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை. இதில் பழைய தலைமுறை, புதிய தலைமுறை என்று இரண்டு வகை.

பழைய வகையில் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை இரண்டு. அரசு ஆஸ்பத்திரியில் சி.பி.எம். என்று தரும் குளோர்பெனிரமின் ஒன்று. ‘அவில்’ என்று கேட்டு வாங்கும் பெனிரமின் இன்னொன்று. இரண்டும் வேலை செய்யும். ஆனால் மூளைக்குள்ளும் போய்விடுகின்றன. தூக்கம், வாய் வறட்சி, தலை கனம் எல்லாம் அதனால்தான். இரவில் போட்டாலும் மந்தம் மறுநாள் காலை வரை தொடரலாம். “எனக்குத் தூக்கமே வரலைண்ணா, பழகிப்போச்சு” என்று சிலர் சொல்வார்கள். தூக்கம் தெரியாமல் போகலாம், ஆனால் கை கால் சுதாரிக்கும் வேகம் குறைவது அப்படியே இருக்கும். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், கிரேன் இயக்குகிறவர், சாரத்தில் ஏறி வேலை செய்கிறவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், படகில் கடலுக்குப் போகிறவர் ஆகியோருக்கு இந்த மாத்திரையை நான் தருவதில்லை. கேட்டுச் சண்டை போட்டாலும் தருவதில்லை.

புதிய வகையில் செட்ரிசின் 10 மில்லிகிராம், லெவோசெட்ரிசின் 5, லோராடடின் 10, ஃபெக்ஸோஃபெனடின் 120 அல்லது 180, பிலாஸ்டின் 20 ஆகியவை இருக்கின்றன. இவை பெரியவர்களுக்கான வழக்கமான அளவு. எல்லாமே ஒரு நாளைக்கு ஒன்றுதான், சுமார் 24 மணி நேரம் தாங்கும். ஒன்று போட்டுக் கேட்கவில்லை என்று மதியம் இன்னொன்று போடக் கூடாது.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் நான் பார்ப்பது வேலையைத்தான். உட்கார்ந்து செய்யும் வேலை, இரவு வீட்டில் தூங்கும் ஆள் என்றால் செட்ரிசின் போதும். ஒரு மணி நேரத்தில் கேட்க ஆரம்பிக்கும், விலை மலிவு, சில பேருக்கு மட்டும் தூக்கம் வரும். அதனால் முதல் மாத்திரையை ராத்திரியில், மறுநாள் லீவு என்று இருக்கும்போது போட்டுப் பாருங்கள். லெவோசெட்ரிசின் அதன் தம்பி. பாதி அளவில் அதே வேலையைச் செய்யும், தூக்கமும் ஏறக்குறைய அதே. ஆகவே செட்ரிசின் போட்டுத் தூங்கி விழுகிறவர் லெவோசெட்ரிசினுக்கு மாறிப் பெரிய லாபம் இல்லை. வண்டி ஓட்டுகிறவர், இயந்திரத்தில் நிற்கிறவர், இரவு ஷிப்ட் பார்க்கிறவர் என்றால் ஃபெக்ஸோஃபெனடின். தூக்கம் மிகக் குறைவாகத் தருவது இதுதான். விலை கொஞ்சம் கூடுதல். லோராடடினும் நல்லதே, ஆனால் நம் பக்கத்துக் கடைகளில் எல்லா நேரமும் கிடைப்பதில்லை.

ஃபெக்ஸோஃபெனடினில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் மருந்து உடம்பில் சேருவது கணிசமாகக் குறைந்துவிடும். வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை நிற அன்டாசிட் சிரப்போடு போட்டாலும் அப்படித்தான். வெறும் தண்ணீரில் போடுங்கள். பிலாஸ்டினை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். டீக்கடையில் பன்னைக் கடித்துக்கொண்டே வாயில் போட்டுவிட்டு “இந்த மாத்திரை வேஸ்ட்டுண்ணா” என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் உண்டு.

எதைப் போட்டாலும் அன்றைக்குச் சரக்கு கூடாது. பழைய வகை என்றால் இன்னும் மோசம்.

தினமும் மாதக்கணக்கில் செட்ரிசின் அல்லது லெவோசெட்ரிசின் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் சில பேருக்கு உடம்பெல்லாம் கடுமையான அரிப்பு வருவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் எச்சரித்தது. அபூர்வம்தான். ஆனால் “நிறுத்தினா அரிக்குது, அப்போ அலர்ஜி போகலை” என்று நினைத்துத் தொடர்ந்து விழுங்கிக்கொண்டிருக்கிறவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாக விடலாம்.

அடைப்புக்கு ஸ்பிரே, ஆனால் அடிக்கத் தெரிய வேண்டும்

மூக்கடைப்பே பெரிய தொல்லை, அதுவும் வாரக்கணக்கில் என்றால் மாத்திரையைவிட நன்றாகக் கேட்பது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. ஃப்ளூட்டிகசோன், மோமெட்டசோன், புடெசோனைடு என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டியது. ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறார்கள். ஒரு முறை அழுத்தினால் வருவது மைக்ரோகிராம் கணக்கு, வேலை செய்வது மூக்கின் சவ்வில் மட்டும். இரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம். இதே ஜனங்கள் செட்டுக் கவரில் வரும் ஸ்டீராய்டு மாத்திரையைப் பயப்படாமல் விழுங்குவார்கள். அது வேறு கதை, கீழே வருகிறேன்.

ஸ்பிரே வாங்கிப்போன பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் தப்பாக அடிக்கிறார்கள். என் கவுன்டரில் நின்று அடித்துக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும்: தலையை அண்ணாந்து, மூக்கின் நடுத்தண்டைக் குறிவைத்து அடித்து, ‘சர்ர்’ என்று உறிஞ்சித் தொண்டைக்குள் இழுத்துவிடுவார்கள். மருந்து வயிற்றுக்குப் போய்ச் சேரும். நடுத்தண்டில் பட்டுப் பட்டு இரத்தம் வரும்.

முதலில் மூக்கை மெதுவாகச் சிந்திச் சுத்தம் செய்யுங்கள். புட்டியைக் குலுக்குங்கள். தலையை லேசாக முன்பக்கம் குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போது முனை தானாகவே நடுத்தண்டைவிட்டு வெளிப்பக்கம், அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். அழுத்தும்போது மெல்ல மூச்சிழுங்கள், முகர்வது போல. வாயால் மூச்சை விடுங்கள். புதுப் புட்டி என்றால் முதலில் காற்றில் சில முறை அழுத்திப் பார்த்து, புகை போல வந்த பிறகுதான் மூக்கில் வைக்க வேண்டும்.

அன்றைக்கே கேட்காது. முழுப் பலன் தெரிய ஒன்று இரண்டு வாரம் ஆகும், தினமும் அடித்தால். மூன்றாம் நாள் “ஒண்ணும் ஆகலை” என்று மூலையில் போட்டவர்கள்தான் அதிகம்.

சொட்டு மருந்தில் நான் மாட்டிய கதை

உடனே திறக்கும் சொட்டு மருந்து இருக்கிறதே என்பீர்கள். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின். சீட்டே இல்லாமல் கேட்பார்கள், நானும் வருஷக்கணக்கில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு சொட்டு விட்டால் ஐந்து நிமிஷத்தில் மூக்கு திறந்து ஊரே மணக்கும். வீங்கிய இரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுவதுதான் சூத்திரம். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதைத் தாண்டினால் மருந்தின் வேகம் குறையும்போது குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். அதைத் திறக்க மறுபடி சொட்டு. மறுபடி வீக்கம்.

எனக்கே நடந்தது. மருந்துக்கடைக்காரனுக்கு மருந்து இலவசம் போல ஆகிவிடும் அல்லவா? ஒரு மார்கழியில் ஆரம்பித்து சித்திரை வரை சட்டைப்பையில் புட்டியோடு திரிந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து விட்டுக்கொண்டு படுப்பேன். கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஸ்டீராய்டு ஸ்பிரேயை ஆரம்பிக்கச் சொல்லி, சொட்டை முதலில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்தச் சொன்னார். அந்த ஒரு வாரம் பட்ட பாட்டை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். விமானத்தில் போகிறீர்கள், கல்யாணத்தில் நிற்க வேண்டும் என்றால் ஒரு நாள் விடுங்கள். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

செலவில்லாத வழி உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. கால் லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு. தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். மெட்ரோ தண்ணீரையோ கேன் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடக் கூடாது. தண்ணீரில் வாழும் ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகக்கூடியது. அபூர்வம், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து.

கோல்டு மாத்திரை, எல்.சி. மாத்திரை

விளம்பரத்தில் வரும் ‘கோல்டு’ மாத்திரைகளின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாரசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபீனைல்எஃப்ரின் மூன்றும் சேர்ந்திருக்கும். காய்ச்சல் இல்லாதவருக்குப் பாரசிட்டமால் எதற்கு? மூக்கடைப்புக்காகச் சேர்த்த ஃபீனைல்எஃப்ரின், வாய்வழி போட்டால் பலனில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. இரத்த அழுத்தக்காரர்களுக்கு அது நல்லதும் அல்ல. மிச்சம் இருப்பது தூங்க வைக்கும் பழைய மாத்திரை. குளோர்பெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த சிரப்பை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. வீட்டில் பழைய புட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

பெயருக்குப் பின்னால் ‘எல்.சி.’ என்று வருபவை லெவோசெட்ரிசினோடு மான்டெலுகாஸ்ட் 10 மில்லிகிராம் சேர்த்தவை. எங்கள் கடையில் அலர்ஜிக்கு அதிகம் போகும் அட்டை இதுதான். டாக்டர் ஒரு முறை எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இழுப்பும் மூக்கு அலர்ஜியும் சேர்ந்திருப்பவருக்கு மான்டெலுகாஸ்ட் உதவும். வெறும் தும்மலுக்கு அதை முதலில் எடுக்கத் தேவையில்லை. சிலருக்கு கெட்ட கனவு, தூக்கமின்மை, சிடுசிடுப்பு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்காவில் இதன் பெட்டியில் மிகக் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. ஊரைவிட்டு, வீட்டைவிட்டு வந்து தனியறையில் இருக்கிற பையனுக்கு மனசு சரியில்லை என்றால் ஊர் ஏக்கம் என்றுதான் நினைப்பான். மாத்திரையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அப்படி ஏதாவது தோன்றினால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

கவருக்குள் இருக்கும் நான்காவது மாத்திரை

சீக்கிரம் கேட்பதற்காகச் சேர்ப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இவற்றில் ஏதோ ஒன்று. அதிசயமாகக் கேட்கும், மறுக்கவில்லை. இரண்டு வேளையில் தும்மல் நிற்கும், அரிப்பு நிற்கும், பசிகூட நன்றாக எடுக்கும். அதனால்தான் “அந்தக் கடை மாத்திரை மாதிரி வராது” என்று தேடிப் போகிறார்கள். பீட்டாமெத்தசோன் சின்ன மாத்திரை அரை மில்லிகிராம், அதாவது 500 மைக்ரோகிராம். அது மூக்கோடு நிற்காமல் உடம்பு முழுக்கப் போகிறது. சர்க்கரை ஏறும், இரத்த அழுத்தம் ஏறும், முகம் உப்பும், எலும்பு தேயும், நோய் எதிர்ப்பு குறையும். உள்ளே பதுங்கியிருக்கும் காசநோய் தலைதூக்கவும் வழி உண்டு. வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, ஏனென்றால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும்.

டாக்டர் கணக்குப் போட்டு ஐந்து நாள் எழுதினால் சாப்பிடுங்கள். அதற்குத் தேவை வரும் சந்தர்ப்பங்கள் உண்டு. பெயர் தெரியாத கவரில் வந்தால் வேண்டாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் செட்டு சாப்பிட்டுவருகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். கவரோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

கண்ணும் தோலும்

கண் அரிப்புக்கு ஓலோபடடின் சொட்டு நல்ல மருந்து. லென்ஸ் போடுகிறவர் கழற்றிவிட்டு விட வேண்டும். பக்கத்து அறைக்காரர் தரும் சொட்டு மருந்தை மட்டும் விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும்.

தோலில் அங்கங்கே தடித்து, சிவந்து, சில மணி நேரத்தில் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் கிளம்பினால் அது காணாக்கடி. செட்ரிசின் வகை மாத்திரையும் மேலே கலமைன் லோஷனும் போதும். வட்டமாக, ஓரம் செதிலாக, இடுப்பிலும் தொடையிடுக்கிலும் பரவினால் அது அலர்ஜி இல்லை, படர்தாமரை. அதற்கு ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தடவினால் முதலில் அடங்கினது போல இருக்கும், பிறகு முதுகு வரை ஏறும். வியர்வையில் நாள் முழுக்கத் தடித்த யூனிபார்ம் போட்டு நிற்பவர்களுக்கு இது அதிகம். குளோபெட்டசோல் என்ற பெயர் இருக்கிற க்ரீமை நீங்களாக வாங்காதீர்கள், அதுவும் ஸ்டீராய்டுதான்.

காசிமேட்டு மீனைப் பற்றி ஒரு வார்த்தை. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காமல் வெயிலில் விட்டால், மீனிலேயே ஹிஸ்டமின் உருவாகிவிடும். கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பு தடிக்கும். “எனக்கு மீன் அலர்ஜி” என்று அன்றோடு மீனையே விட்டவர்களைத் தெரியும். பாவம், அவர்களுக்கு அலர்ஜியே இல்லை, அன்றைய மீன்தான் கெட்டது. சேர்ந்து சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வந்ததா என்று கேளுங்கள். எந்த இறாலைச் சாப்பிட்டாலும் உங்களுக்கு மட்டும் வருகிறது என்றால்தான் அது உண்மையான அலர்ஜி. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம், இறாலைத் தொடாதீர்கள்.

இப்படி ஆனால் என் கடைக்கு வராதீர்கள்

ஏதாவது சாப்பிட்ட பிறகோ, ஊசி போட்ட பிறகோ, குளவி கொட்டிய பிறகோ நாக்கு, உதடு, தொண்டை வீங்குகிறது, குரல் மாறுகிறது, மூச்சுத் திணறுகிறது, தலை சுற்றி மயக்கம் வருகிறது, தடிப்போடு விடாத வாந்தி. இதில் எது வந்தாலும் 108. அவில் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. இந்த நிலையில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. அதைத் தொடைச் சதையில் போடுவார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். சரியாகிவிட்டது போல இருந்தாலும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்வார்கள், இருந்துதான் ஆக வேண்டும். மறுபடி திரும்புவது உண்டு.

கவுன்டரில் முதலில் சொல்ல வேண்டியவை

கர்ப்பம், பாலூட்டுதல், சிறுநீரகக் கோளாறு, வலிப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், கண் அழுத்தம். இவற்றில் ஏதாவது இருந்தால் மாத்திரை கேட்கும் முன் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் சரியில்லாதவருக்குச் செட்ரிசின் அளவைக் குறைக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு உங்கள் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்துவிடாதீர்கள். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள வயதானவருக்கு சி.பி.எம்., அவில் வகை சிறுநீரை அடைத்துவிடும், தலை சுற்றி விழவும் வைக்கும். கைக்குழந்தைக்கு ‘தூங்கட்டும்’ என்று பயணத்தில் புரோமெதசின் சிரப் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இரண்டு வயதுக்குள் அது கூடவே கூடாது, மூச்சே அடங்கிப்போகலாம். குழந்தைக்கு எந்த மருந்தானாலும் எடை பார்த்து டாக்டர் எழுதிய அளவுதான்.

தோலில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்டுக்குத் தேதி வாங்கியிருந்தால், சுமார் ஒரு வாரம் முன்பே ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் டெஸ்ட் எதையும் காட்டாது, கட்டிய பணம் போச்சு.

அறையைப் பற்றியும் கொஞ்சம் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் சுவர் ஓதமேறிப் பூஞ்சை படரும். பழைய தலையணைக்குள் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி குடியிருக்கும். கரப்பான் எச்சமும் அலர்ஜியைக் கிளப்பும். தலையணை உறையை வாரத்துக்கு ஒரு முறை சுடுநீரில் துவையுங்கள், மின்விசிறி இறக்கையைத் துடையுங்கள். கொசுவத்தியும் சாம்பிராணியும் மூடிய அறைக்குள் வேண்டாம். முந்தின வாடகைக்காரர் விட்டுப்போன மெத்தையில் படுத்துக்கொண்டு மாத்திரையைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாங்குவதைப் பொறுத்தவரை, பிராண்டுப் பெயரைக் கேட்காமல் மூலப்பெயரைக் கேளுங்கள்: “செட்ரிசின் பத்து, அஞ்சு மாத்திரை குடுங்க.” முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் இதே மருந்து இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசே இல்லை. இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டும் அடங்காவிட்டால், ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்தால், இரத்தம் கலந்து வந்தால் கடைகளை மாற்றிக்கொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

அட்டையைக் கத்தரித்துத் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்துத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பக்கம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் கடைக்காரர் கையில் இருக்கும் மிச்ச அட்டையைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பார். எடுத்துக்கொள்ளுங்கள்.